பல்லும் சொல்லும்: நீரிழிவாளர் பல் பதித்தல் பற்றி

நம் கல்லூரிப் பழைய மாணவர் கூடுமிடத்து எழும் பேச்சு, அவரவர் வயதுக்கேற்ப மாறி வருவதை யாவரும் அறிவர். இருபதாம் வயதிற் கூடியபோது உத்தியோகம் பற்றிப் பேசினோம். முப்பதிற் கூடியபோது பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம். நாற்பதைக் கடந்தபின் மாத்திரைகளைப் பற்றிப் பேசுகின்றோம். இவ்விழாவை முன்னிட்டு நடைபெற்ற மதிய விருந்திலே, யான் இருந்த பந்தியிற் பாயசத்தை வேண்டாமென்றவர் பாதிப்பேர். வடையை எடுத்துப் பார்த்து, மெல்லுதற்குப் பல்லில்லையென இலையோரத்தில் ஒதுக்கியவர் சிலர். இரண்டையும் ஒதுக்கியவரும் இருந்தனர்.

அப்பந்தியில் இரண்டு கூற்றுக்களைக் கேட்டேன். ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர், "சலரோகக்காரனுக்குப் பல் பதிக்கக் கூடாது, பதித்தாற் புண் மாறாது, பல்லும் நில்லாது" என்றார். வெளிநாட்டிலிருந்து விழாவுக்கு வந்த மற்றோர் அன்பர், "யான் மூன்று கிழமை விடுமுறையில் வந்திருக்கின்றேன். போகுமுன் நான்கு பல் பதித்துக்கொண்டு போவேன். சீனி வருத்தம் உண்டென்று பல் வைத்தியருக்குச் சொன்னால் நாளைக் கடத்துவார், ஆதலாற் சொல்லப்போவதில்லை" என்றார். முன்னவர் கூற்று மிகையான அச்சம். பின்னவர் கூற்று மிகையான துணிவு. இரண்டும் பிழை. நீரிழிவு தானே பல் பதித்தலுக்குத் தடையன்று. அடங்காத நீரிழிவும், மறைத்த நீரிழிவுமே தடை. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

யான் வைத்தியன் அல்லேன், தமிழாசிரியன். பல்லைப் பற்றிப் பேசுதற்குத் தமிழாசிரியனுக்கு என்ன உரிமை என்று கேட்பார்க்கு ஒரு விடை உண்டு. தொல்காப்பியனார் எழுத்துக்களின் பிறப்பைச் சொல்லுமிடத்து, நாவோடும் இதழோடும் பல்லையும் வைத்தெண்ணினார். தகரமும் நகரமும் பிறத்தற்கு நாநுனி மேற்பல்லின் அடியைச் சென்று பொருந்த வேண்டும். வகரம் பிறத்தற்கு மேற்பல்லும் கீழிதழும் இயைய வேண்டும். முன்பல்லை இழந்தவன் 'தந்தம்' என்னும் சொல்லைச் செவ்வனே சொல்லுதல் அரிது. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்குரியனவாகச் சொன்ன நம் மூதுரை, அதே மூச்சில் நாலடியாரையும் திருக்குறளையும் சொல்லுக்குரியனவாகச் சொல்லிற்று. பல்லும் சொல்லும் நம் முன்னோர்க்கு அயலானவை அல்ல.

இதனை யான் ஏட்டிற் படித்து மட்டும் அறிந்தேனல்லேன். 2017 ஆம் ஆண்டில் எனக்கு நீரிழிவு உண்டெனக் கண்டனர். மாத்திரை தந்தனர்; அதனை நினைத்த நாளில் உண்டும், மறந்த நாளில் விட்டும் காலங் கழித்தேன். ஆசிரியர் ஓய்வறையில் நாளொன்றுக்கு மூன்று முறை சீனியிட்ட தேநீர் பருகினேன். முரசிலிருந்து குருதி கசிந்தது. பல் துலக்கும்போது எவர்க்கும் கசிவதே என்றிருந்தேன். 2023 ஆம் ஆண்டில் மேல்வரிசை முன்பற்கள் இரண்டு ஆடின, பின்னர் விழுந்தன. சொத்தை சிறிதுமில்லாத பற்கள் அவை. அடுத்த நாள் வகுப்பிலே பிறப்பியல் படிப்பித்தேன். தகரத்தைச் சொல்லிக் காட்டியபோது காற்றே வந்தது. பின்வரிசையில் ஒரு மாணவன் சிரித்தான். அவனைக் கடிந்துகொள்ள எழுந்த சொல்லும் காற்றாகவே போயிற்று.

இரண்டு வாரத்திற் பல் பதித்துவிட வேண்டுமென விரைந்து ஒரு பல் வைத்தியரிடம் சென்றேன். என்னிடம் தமிழ் கற்ற மாணவர் அவர். அங்கே தந்த படிவத்தில் 'நீரிழிவு உண்டா?' என்ற வினாவுக்கு 'இல்லை' என்று எழுதினேன். அவர் என் வாயை நெடுநேரம் பார்த்தார். பின், "சேர், படிவத்தில் இல்லையென்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முரசு உண்டென்று சொல்லுகிறதே" என்றார். உண்மைக்கும் வாய்மைக்கும் மெய்ம்மைக்கும் உள்ள வேறுபாட்டை இவருக்கு வகுப்பில் விளக்கியவன் யான். அன்று தலை நிமிர்ந்திருக்க இயலவில்லை. அவர் என்னைக் கடிந்திலர். குருதிச் சோதனைக்கு ஒரு துண்டு எழுதித் தந்து, விடையோடு வருமாறு அனுப்பினார். விடை 9.4 எனக் காட்டிற்று.

அவ்வெண்ணின் பொருளை அப்பொழுதுதான் யான் சரிவர விளங்கிக்கொண்டேன். விரலிற் குத்திப் பார்க்கும் சோதனை அந்நேரத்துச் சீனியை மட்டும் சொல்லும். சோதனைக்கு முதல்நாள் சோற்றைக் குறைத்து வைத்தியரை ஏமாற்றலாம். நம்மிற் பலர் அதனைச் செய்கின்றோம். எச்.பி.ஏ.1.சி. எனப்படும் சோதனையை அவ்வாறு ஏமாற்ற இயலாது. செங்குருதிக் கலம் ஏறக்குறைய 120 நாள் வாழ்வது. அதனுள்ளிருக்கும் ஈமோகுளோபினிற் சீனி ஒட்டிக்கொள்ளும் அளவு, கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி நிலையைக் காட்டும். 5.7 வீதத்துக்குக் குறைந்தால் இயல்பு, 6.5 வீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. நீரிழிவுற்றோருட் பெரும்பாலார்க்கு 7 வீதத்தை அண்டி வைத்திருத்தல் இலக்கு. அஃது ஒரு தவணைப் பரீட்சையின் புள்ளி போன்றது. ஒருநாட் படிப்பால் வருவதன்று.

இனிப் பல் பதித்தல் என்பது யாதென நோக்குவோம். தைத்தேனியம் என்னும் உலோகத்தாலான சிறு திருகொன்றைத் தாடையென்பிற் புகுத்தி, என்பு அதனைப் பற்றிக்கொண்டபின் அதன்மேல் ஒரு பல்லை அமைப்பதே அம்முறை. திருகின் குறுக்களவு ஏறக்குறைய 4 மில்லிமீற்றர்; நீளம் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர். சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிறனமார்க்கு, முயலின் என்பினுள்ளே குருதியோட்டத்தை ஆராயத் தைத்தேனியக் கருவியொன்றைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்தபின் அதனைக் கழற்ற முயன்றபோது என்பு விடவில்லை. 1950களின் தொடக்கத்தில் நிகழ்ந்த இச்செயலினின்றே இம்முறை பிறந்தது. 1965 ஆம் ஆண்டில் கொதன்பேர்க்கு நகரில் முதன்முதலாக ஒருவர்க்கு இவ்வாறு பற்கள் பதிக்கப்பட்டன. அவை அவர் இறக்குங்காறும் நாற்பதாண்டு பயன்பட்டன. 1982 ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரிற் கூடிய மாநாட்டின் பின்னரே உலகப் பல் வைத்தியர் இம்முறையைப் பரவலாக ஏற்றனர். நீரிழிவாளரின் உயிர் காக்கும் இன்சுலின் 1921 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டதும் அதே நகரிலேயாம். நம் பழைய மாணவர் பலர் இன்று வாழும் நகரமும் அதுவே.

திருகை வைப்பவர் வைத்தியர்; அதனைப் பற்றிக்கொள்வது நோயாளியின் என்பு. இதனை மறவாதிருத்தல் வேண்டும். வைத்தியர் எத்துணைத் திறமையுடையவராயினும், விலையுயர்ந்த திருகே ஆயினும், என்பு தன் கடமையைச் செய்யாவிடிற் பயனில்லை. குருதியிற் சீனி நெடுங்காலம் மிகுந்திருந்தால் நுண்ணிய குருதிக் குழாய்கள் கெடும். புதிய என்பை ஆக்கும் கலங்கள் சோரும். நோய்க் கிருமிகளை எதிர்க்கும் வெண்கலங்கள் தளரும். புண் ஆறுதல் தாமதமாகும். பதித்த திருகு என்போடு ஒன்றுதல் பின்னிடும். பிற்காலத்தில் அதனைச் சூழ்ந்த தசையிலும் என்பிலும் அழற்சி தோன்றும் வாய்ப்பு மிகும். ஓய்வு பெற்ற அன்பரின் அச்சத்துக்கு அடிப்படை இல்லாமலில்லை.

ஆயினும் அவர் சொன்ன முடிவு இன்றைய அறிவோடு பொருந்தாது. ஒரு காலத்தில் நீரிழிவாளர்க்கு இச்சிகிச்சையை மறுத்தல் வழக்கமாயிருந்தது. பின்னர்ச் செய்த ஆய்வுகள், நோயை நன்கு அடக்கி வைத்திருப்போரிடத்து, பதித்த பற்கள் ஏனையோரிடத்து நிலைப்பதை ஒத்த அளவில் நிலைப்பதைக் காட்டியுள்ளன. பொதுவாகப் பத்தாண்டு கழிந்தபின்னும் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை நிலைத்திருக்கின்றன. ஆகவே, "உமக்கு நீரிழிவு, உமக்கு இயலாது" என்று ஒரு மனிதனைத் திருப்பியனுப்புதல் நியாயமன்று. அவ்வாறு திருப்பியனுப்பப்பட்டவர் மெல்லுதற்கியலாமையாற் கடலையையும் காய்கறியையும் விடுத்து, கஞ்சியையும் பாணையும் தேநீரில் நனைத்த விசுக்கோத்தையும் நாடுவர். அவ்வுணவு சீனியை மேலும் ஏற்றும். பல்லில்லாமை நீரிழிவுக்கு உரமிடுதலை நம் வீடுகளிலேயே காணலாம்.

இனி, மூன்று கிழமை விடுமுறைக்காரரிடம் வருவோம். பதித்த திருகை என்பு பற்றிக்கொள்வதற்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். அன்றே பல்லைப் பொருத்திவிடும் முறையும் உண்டென்பது உண்மை. அம்முறைக்கு வைத்தியர் தக்கவரைத் தெரிந்தெடுப்பர். தன் நோயை மறைத்தவரை எவ்வாறு தெரிந்தெடுத்தல் இயலும்? நீரிழிவாளரின் என்பு மெல்லவே ஒன்றும். அதற்குப் பொறுமையே மருந்து. விமானச்சீட்டின் நாளுக்கு என்பு இசைந்து நடவாது. அன்றியும், பதித்தவர் ஒரு நாட்டிலும் பதிக்கப்பட்டவர் மற்றொரு நாட்டிலுமாக இருந்தால், ஆறு மாதத்தின்பின் முரசு வீங்கும்போது யார் பார்ப்பர்? விலை குறைவென்று இங்கு வந்து பல் பதிப்பதைத் தவறென்று சொல்லேன். முன்னரே சோதனை முடித்து, சீனியை அடக்கி, இரண்டு வருகையாகத் திட்டமிட்டு, அங்கும் ஒரு வைத்தியர் கண்காணிக்க ஒழுங்கு செய்துகொண்டு பதிப்பிப்பின் அது அறிவுடைமை.

இவ்விரு பிழைக்கும் வேராயுள்ளது மற்றொன்று. பல் விழுந்தபின் என்ன செய்வதென்றே எண்ணுகின்றோம். ஏன் விழுந்ததென்று எண்ணுகின்றோமல்லேம். இதற்கு விடை நம் நாட்டிலேயே கிடைத்தது. 1970 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு அறிஞர் அறல்ட் லோவும் அவர் குழுவினரும் நம் மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் வாய்களை ஆராயத் தொடங்கினர். பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ அவர்களுக்கு வாய்த்திருக்கவில்லை. பதினைந்தாண்டு ஆராய்ந்து 1986 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவர்களிடத்துச் சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லை. ஆயினும் நூற்றுக்கு 8 பேரிடத்து முரசு நோய் விரைந்து பரவிப் பற்களைக் கொண்டுபோயிற்று. 81 பேரிடத்து அது மிதமாகப் பரவிற்று. 11 பேரிடத்தே முரசழற்சிக்கு அப்பாற் செல்லவில்லை. சொத்தையில்லாத பல்லும் விழும் என்பதற்கும், முரசைக் காவாதவன் பல்லைக் காவான் என்பதற்கும் மலையகத் தமிழ்த் தொழிலாளரின் வாயே உலகுக்குப் பாடநூலாயிற்று. அப்பாடத்தை நாம் இன்னும் படித்திலோம்.

அதே லோ 1993 ஆம் ஆண்டில், முரசு நோயை நீரிழிவின் ஆறாவது விளைவெனக் குறித்தார். கண், சிறுநீரகம், நரம்பு, பெருங்குருதிக் குழாய் ஆகியவற்றின் கேடும், புண் ஆறாமையும் முதல் ஐந்து. நீரிழிவு முரசைக் கெடுக்கும். கெட்ட முரசின் அழற்சி இன்சுலினின் வினையைத் தடுத்துச் சீனியை ஏற்றும். ஒன்றற்கொன்று தீனியிடும் பகைவர் இருவர் இவை. முரசை முறைப்படி சுத்தஞ் செய்து சிகிச்சை செய்தால், மூன்று நான்கு மாதத்தில் எச்.பி.ஏ.1.சி. அளவும் ஏறக்குறைய 0.4 வீதம் குறைவதாக ஆய்வுகளின் தொகுப்புக் காட்டுகின்றது. சிறு அளவாகத் தோன்றினும், பல் வைத்தியரின் கதிரையில் இருந்து பெறும் நன்மையாதலின் அஃது இகழத்தக்கதன்று.

என் கதையை முடித்துச் சொல்லுகின்றேன். அவ்விளம் வைத்தியர் உடனே பல் பதிக்க மறுத்தார். என்றும் இயலாதென்றும் சொன்னாரல்லர். பல்லடியிற் படிந்த காறையை நீக்கி, முரசுக்கு நான்கு முறை சிகிச்சை செய்தார். நீரிழிவு வைத்தியருக்குக் கடிதம் எழுதித் தந்தார். யான் மாத்திரையை நேரந் தவறாது உண்டேன். சீனித் தேநீரை விட்டேன். மாலையில் வயல்வெளி வீதியிலே நடந்தேன். ஏழு மாதத்தின்பின் 9.4 என்பது 7.1 ஆயிற்று. 2024 ஆம் ஆண்டிற் பதித்தனர். ஐந்து மாதம் பொறுத்துப் பல்லை அமைத்தனர். அதுகாறும் கழற்றி மாட்டும் பொய்ப்பல்லோடே படிப்பித்தேன். இன்று தகரம் தகரமாகவே ஒலிக்கின்றது. ஆனால், அந்த ஏழு மாதத்தில் யான் பெற்ற பெரும்பேறு பல்லன்று. அப்பல்லின் பொருட்டு அடக்கிய சீனியே. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் அஞ்சாத யான், தகரத்துக்கு அஞ்சித் திருந்தினேன்.

பதித்தபின் கவலையில்லை என்று எண்ணுதலும் தவறு. பதித்த பல்லிற் சொத்தை வாராது. ஆனால் அதனைச் சூழ்ந்த முரசில் நோய் வரும். இயற்கைப் பல்லுக்கும் என்புக்கும் இடையே நார்ப்படலமொன்று உண்டு; பதித்த பல்லுக்கு அஃதில்லை. ஆதலின் அழற்சி தோன்றின் அஃது என்பை எளிதிற் சென்றடையும். பெரும்பாலும் நோவின்றியே சென்றடையும். நாளிருமுறை துலக்குதலும், பல்லிடையைத் துப்புரவு செய்தலும், வைத்தியர் குறித்த தவணையிற் சென்று காட்டுதலும் உயிருள்ளவரை வேண்டுவன. புகைப்பவர் அதனை விடுதல் வேண்டும். நீரிழிவும் புகையும் ஒரு வாயிற் கூடினாற் பதித்த பல்லுக்கு இடர் இரட்டிக்கும்.

சிகிச்சைக்குச் செல்லும் நாள் பற்றியும் ஒரு சொல். பல் வைத்தியத்துக்கென்று வெறுவயிற்றோடு சென்று மயங்கி விழுந்தோரை அறிவேன். வைத்தியர் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, காலையுணவையும் மருந்தையும் வழமைபோல் உண்டு, காலை நேரத்திலே செல்லுதல் நன்று. சீனி திடீரெனக் குறையின் எடுத்துண்ண இனிப்பேதும் கையில் இருத்தல் வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்துதலும் கூட்டுதலும் தகா.

இச்சிகிச்சைக்குச் செலவு மிகுதி. ஆசிரியர் சம்பளத்தில் யான் பட்ட கடனைச் சொல்ல நாணுகின்றேனல்லேன். யாவரும் பல் பதிக்க வேண்டுமென்று யான் வாதிடவில்லை. நன்கமைந்த பொய்ப்பல்லாலும் மெல்லலாம், பேசலாம், அதில் இழிவொன்றுமில்லை. ஆனால் முரசைக் காத்தற்கும் சீனியை அளத்தற்கும் பெருஞ்செலவில்லை. நம் அரசினர் வைத்தியசாலைகளில் இவற்றுக்குப் பணம் வாங்குவதில்லை.

ஆதலின் இவ்விழாக் காலத்தே மூன்று வேண்டுகோள். வைத்தியர்களுக்கு: நீரிழிவு வைத்தியர் நோயாளியின் பாதத்தைப் பார்ப்பதுபோல் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், பல் வைத்தியர் காரணமின்றி ஆடும் பல்லைக் கண்டவிடத்து, சீனியைச் சோதிக்க அனுப்ப வேண்டும். பழைய மாணவர் சங்கத்தார்க்கு: 2005–2006 ஆண்டுகளில் நடந்த ஆய்விலேயே நம் நாட்டில் வளர்ந்தோர் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவில் நீரிழிவு காணப்பட்டது, அதன்பின் வந்த கணக்குகள் அதனிலும் கூடியன. விழாக்கள்தோறும் அலங்கார வளைவு அமைக்கின்றோம். ஆண்டுக்கொருநாள் கல்லூரி மண்டபத்தில் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் குருதிச் சோதனையும் வாய்ச் சோதனையும் நடத்துதல் அவ்வளைவினும் நெடிது நிற்கும். நம் சங்கத்திலே வைத்தியர்க்குக் குறைவில்லை.

மூன்றாவது வேண்டுகோள், என்னைப் போன்றோர்க்கு. படிவத்தில் வினாவப்படும் வினாவுக்கு உண்மையை எழுதுங்கள். வைத்தியரிடம் மறைக்கும் ஒவ்வொன்றும் நம் என்பிடம் மறையாது. பந்தியிற் கண்ட அவ்விரு அன்பரையும் மறுநாட் சந்தித்து, இங்கு எழுதியவற்றையே சொன்னேன். ஓய்வு பெற்றவர் சோதனைக்குச் செல்ல இசைந்தார். விடுமுறைக்காரர் சிறிது நேரம் வாளாவிருந்து, "என் கடைசிச் சோதனை எப்போதென்பதே எனக்கு நினைவில்லை" என்றார். இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்களும், தம் கடைசிச் சோதனை எப்போதென்று ஒருமுறை நினைத்துப் பார்ப்பார்களாக. அடுத்த விழாவின் பந்தியிலே, வடையை ஒதுக்குவோர் தொகை குறைவதாக. பாயசத்தை ஒதுக்குவோர் தொகை குறைய வேண்டா.